ஒட்டாத வத்தல்

இன்று காலையில் சிவப்பு டியூப்பின் மூடியைத் திருகினேன். அக்ரிலிக்குக்குப் பெரிய வாடை கிடையாது. ஆனால் என் மூக்குக்கு எந்த வாடையும் கடைசியில் தீப்பெட்டி ஆபீஸ் மருந்தில்தான் போய் நிற்கும். கோவில்பட்டியில் எங்களுக்கு அதுவும் ஆபீஸ்தான். அஞ்சாங்கிளாஸோடு ஆபீஸ் உத்தியோகத்துக்குப் போனவள் என்று நானும் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

சட்டத்தில் குச்சி அடுக்குகிற வேலை. அடுக்கிய சட்டத்தை மருந்தில் முக்குவார்கள். ஒரு குச்சித் தலை இன்னொன்றோடு ஒட்டக் கூடாது. ஒட்டினால் பற்றிக்கொள்ளும் என்று கணக்கப்பிள்ளை தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். அவிய செருப்புச் சத்தம் கேட்டாலே, அடுக்கி முடித்த வரிசையையும் மறுபடி ஒரு தடவை விலக்கிப் பார்ப்பேன்.

மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன டியூப்களை வைத்துத்தான் வரைய ஆரம்பித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. வெள்ளைத் துணியைப் பார்த்தால் எனக்குக் கூச்சம். அதனால் முதலில் முழுக்கக் கறுப்பை அப்பிவிடுவேன். கரிசல் வந்துவிட்டால் தைரியம் வந்துவிடும். அப்புறம் பிரஷ் கொஞ்சம், விரல் மிச்சம். வரைந்ததைப் பழைய சேலையால் மூடி வைப்பேன். யாராவது பார்த்துச் சிரித்துவிட்டால் அதற்குமேல் தொடமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

போன மாசம், நாகலாபுரம் பக்கம் பார்த்த, மிளகாய் வத்தல் காயப்போடுகிற களத்தை வரைந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, ஆபீஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கிய கனி வந்துவிட்டாள். படம் ஈரம், மூட வழியில்லை. காப்பி போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

"ஏட்டி, வத்தலைக் குமிச்சுல்லா போடுவாவ? நீ என்ன ஒண்ணொண்ணா அடுக்கி வச்சிருக்கே?" என்றாள், படத்துக்கு முன்னால் நின்றுகொண்டே.

"ஒட்டுனா பத்திக்கிடும்லா." என் வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது.



"வத்தல் எப்படிட்டி பத்தும்?"

சிரித்தாள். இத்தனை நாளும் நான் பயந்துகொண்டிருந்த அதே சிரிப்பு. ஆனால் எனக்கும் சேர்ந்து வந்துவிட்டது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

அவள் இருக்கும்போதே உள்ளங்கை நிறையச் சிவப்பை வழித்து, களத்து நடுவில் அப்பினேன். வத்தலோடு வத்தல் ஒட்டியது. ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்று இருந்தது.

அந்த ஆபீஸ் இல்லாமல் போய் எத்தனையோ வருஷமாகிறது. கணக்கப்பிள்ளையும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் நான் பிரஷைத் தொட்டபோதெல்லாம் அவிய என் பின்னால் வந்து நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை.

கனி வந்துபோனதிலிருந்து அவியளைக் காணோம்.