நெருப்பு காட்ட மாட்டேன்

தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மீன் வியாபாரியின் குளிர் அறை. இறால் கல்லாக உறைந்திருக்க வேண்டிய அறையில் குளிரூட்டும் கேஸ் கசிந்து, ஐஸ் உருகித் தரையெல்லாம் தண்ணீர். சரிசெய்யப் போன மெக்கானிக் நான். வியாபாரி என் ஸ்கூட்டருக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"தனியாவா வந்தே?"

"ஆமாண்ணா."

குழாயில் கசிந்த இடத்தைப் பற்றவைத்து, நைட்ரஜன் ஏற்றிச் சோதித்தேன். பிறகு வேக்குவம் பம்ப் போட்டுக் குழாய்க்குள் இருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்தேன். அதற்கே மதியம் தாண்டிவிட்டது. புது கேஸ் சிலிண்டரைத் தராசில் கவிழ்த்து வைத்து, மெஷினை ஓட விட்டு, வால்வைக் கொஞ்சமாகத் திறந்தேன். கேஸ் திரவமாகவே மொத்தமாகப் பாய்ந்தால் கம்ப்ரசர் உடைந்துவிடும்.

வியாபாரிக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய், தீ கக்கும் கேஸ் டார்ச்சோடு வந்தார்.

"இன்னாம்மா இது, சொட்டு சொட்டா வுட்டுகினு கீறே? முன்னாடி வந்தவன் சிலிண்டருக்கு சூடு காட்டுவான். சர்ருனு ஏறும்."

வால்வை மூடினேன். அவர் கையிலிருந்த டார்ச்சை வாங்கி அணைத்தேன்.

"சூட்டுல சிலிண்டர் வெடிச்சா நீங்களும் இல்ல, நானும் இல்ல."

"இத்தினி வருசமா வெடிச்சுதா?"

"வெடிக்கிற அன்னிக்கு நான் இங்க நிக்கப் போறதில்ல."

"பொம்பளைங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்."

"பயந்தான். அதனாலதான் மூடினேன்."

வேறு ஆளைக் கூப்பிடுவதாகப் போனை எடுத்தார்.

"தாராளமா கூப்பிடுங்க. என் சிலிண்டர் என்னோட வந்துடும்."

நான் சிலிண்டரை விட்டு நகரவில்லை.

முன்பக்கம் மீன் வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி எழுந்து வந்தார். "இறாலுக்கு நான் ஐஸ் போட்டுக்கிறேன். நீ உன் இஷ்டப்படி செய்யிம்மா" என்றார். வியாபாரி முறைத்துவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவசரப்படாமல் ஏற்றினேன். சொல்லப்போனால், வேண்டியதைவிடவும் மெதுவாக. தராசில் தேவையான எடை இறங்கியதும் வால்வை மூடி, மெஷினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். சாயங்காலம் குழாய்கள் பனி படிந்து வெள்ளையாகப் பூத்தன. அறையின் மீட்டர் மைனசில் இறங்கிக்கொண்டே போனது.

"ரொம்பத் திமிரும்மா உனக்கு" என்றார் வியாபாரி.

"ஆமாண்ணா" என்று சொல்லி, சிலிண்டரை ஸ்கூட்டரில் கட்டினேன். அஸ்தினாபுரத்தில் என் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் ஓட்டினேன்.