பத்து வெள்ளைக் கட்டங்கள்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு வேலை ஓடாது. தஞ்சாவூர் அலுவலகத்தில் மின்விசிறி ஒரு பக்கம் முனகிக்கொண்டிருக்கும். கணினித் திரையில் டெல்டா முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாக மிதக்கும். நிலத்தடியில் நல்ல தண்ணீரென்றால் நீலம், உப்பென்றால் சிவப்பு. நான் பாதித் தூக்கத்தில் அந்த நீலத்துக்குள் இறங்கி நடப்பேன். கும்பகோணத்தில் கால் வைத்தால் முத்துப்பேட்டை வரை நீலத்திலேயே போய்விடலாம். இதற்கா சம்பளம் என்று கேட்காதீர்கள், அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு.

படத்தில் சில கட்டங்கள் வெள்ளையாக இருந்தன. அங்கே மாதிரித் தண்ணீர் எடுக்கவில்லை, அதனால் எண் இல்லை. கோலத்தில் விட்டுப்போன புள்ளி மாதிரி அவை கண்ணை உறுத்தின. எனக்கோ பொறுமை கிடையாது. சுற்றியிருக்கும் கட்டங்களின் எண்ணைப் பார்த்து நடுவில் இருப்பதை நீயே கணித்துக்கொள் என்று கணினிக்குக் கட்டளை கொடுத்தேன். ஒரே நொடியில் வெள்ளையெல்லாம் இளநீலமாகிவிட்டது. கொள்ளை அழகு. அச்சடித்து ஊராட்சி அலுவலகங்களுக்கு அனுப்பினோம்.

சில நாளில் முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார்.

"மேடம், உங்க படத்துல எங்க வயலு நீலமா இருக்கு. புதுசா போர் போட்டா நல்ல தண்ணி வருமா?"

கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து குடிவந்து புதிதாக வாங்கிய வயலாம். கணவர் கல்யாணமான வருடத்திலிருந்தே சவுதியில் வண்டி ஓட்டுகிறார். இருவரும் சேர்ந்திருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று சொல்லிச் சிரித்தார்.

"தண்ணி நல்லா இருந்தா வேலைய விட்டுட்டு வந்து விவசாயம் பாக்குறேங்குறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"தாராளமா வரச் சொல்லுங்க" என்றேன், என்னமோ வரம் கொடுக்கிற மாதிரி.

அடுத்த வாரம் அறிக்கை எழுதுவதற்காக, ஊர் ஊராகப் போய் மாதிரி எடுத்தவரின் தாள்களைப் புரட்டினேன். வெள்ளையாக இருந்த பத்துக் கட்டங்களுக்கும் எதிரே ஒரே காரணம்: மோட்டார் ரிப்பேர். பத்தும் கடல் பக்கம். மோட்டார் என்ன, கடலைப் பார்த்துப் பார்த்தா கெட்டுப்போகும்? தூக்கம் சுத்தமாகக் கலைந்துவிட்டது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ரிப்பேரெல்லாம் இல்லீங்க. அந்தப் பக்கம் தன் போர்த் தண்ணி உப்பாயிடுச்சுன்னு யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. நிலம் விக்காதுல்ல. மோட்டார் ரிப்பேர்னுதான் சொல்வாங்க. ஊர்க்காரங்களுக்குப் புரியும்."

"அதை எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையே மேடம்."

அவர்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நியாயமாக என்மேல் வந்திருக்க வேண்டும். உப்பு ஏறிய இடத்தில்தான் எண் இல்லாமல் போயிருக்கிறது. அங்கே போய் அக்கம்பக்கத்து நல்ல தண்ணீரை நிரப்பி வைத்திருக்கிறேன்.

போன் செய்த பெண்ணின் வயலும் அந்தப் பத்தில் ஒன்று. மறுநாள் காலை முத்துப்பேட்டைக்குப் பேருந்து ஏறினேன். வயல்கள்மேல் பனி படுத்திருந்தது. நாற்றின் பச்சை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. என் படத்துக்குள்ளேயே பேருந்து ஓடுவதுபோல, இப்போது எந்தக் கட்டம், அடுத்து எந்தக் கட்டம் என்று மனம் தானாக எண்ணிக்கொண்டு வந்தது. அந்த ஊர் வராமலே இப்படிப் போய்க்கொண்டிருக்கலாம் என்று ஆசையாக இருந்தது. ஆனால் வந்துவிட்டது.

அந்தப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வயலுக்கு அழைத்துப்போனார். பழைய போர்க்குழாயின் மூடியைக் கழற்றி, கயிற்றில் பாட்டிலை இறக்கித் தண்ணீர் எடுத்தோம். உப்பு அளக்கும் மீட்டரை அதில் முக்கினேன். எண் ஏறிக்கொண்டே போனது. அவர் மீட்டரைப் பார்க்கவில்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டார்.

"மோட்டார்தான் ரிப்பேர்னு சொல்லி வித்தாங்க" என்றார்.

"மன்னிச்சுக்குங்க. பாக்காமலே உங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்றேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் வரப்பிலேயே உட்கார்ந்து கணவருக்குப் போன் போட்டார்.

"என்னங்க, தண்ணி உப்பு. வேலைய விடுறதா எழுதிக் குடுத்துட்டீங்களா? இல்லையா? அப்ப குடுக்காதீங்க. அங்கேயே இருங்க."

அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டார்.

"கட்டில் நேத்தே வந்துடுச்சுங்க. நீங்க சொன்ன மாதிரி பெருசாத்தான் வாங்கினேன்" என்றார். "அது கெடக்கட்டும்."