மைக் பெரியம்மாவின் தலைக்குள் போன ஒலி

என் பெரியம்மா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். எல்லோருக்கும் அவர் 'மைக் பெரியம்மா'. வீட்டிலும் அதே குரல்தான். சாப்பாடு தயாரானால், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்துவிடுவார்.

ஒருநாள் மைக்கில், "வண்டி மூன்றாவது நாற்காலியிலிருந்து புறப்படும்" என்றார். நிலையமே சிரித்தது. வேண்டுமென்றே சொன்னார் என்று நாங்களும் சிரித்தோம். பிறகு ஒருநாள் சீப்பைச் சாவி என்றார். திருத்தியதும் அழுதுவிட்டார்.

ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம், பேச்சுக்கான இடத்தை ஒட்டி ஒரு கட்டி தெரிந்தது. என்ன வகைக் கட்டி என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. மண்டையில் துளை போட்டு, ஊசியால் கட்டியில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் பேச்சே போகலாம் என்றார்கள் மருத்துவமனையில்.

"உயிர் முக்கியமா, பேச்சு முக்கியமா?" என்று கேட்டார் பெரியப்பா.

"பேசாம இருந்தா அது உயிரா? உங்களுக்கு வேணா நிம்மதியா இருக்கும்!"

அப்போதுதான் பெரியம்மாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா, அங்கே நடந்துகொண்டிருந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். "மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கும்மா. வெளியில இருந்தே அல்ட்ராசவுண்ட் ஒலியை அனுப்பினா அது கொஞ்ச நேரம் திறக்கும். கட்டியோட துணுக்குகள் ரத்தத்துல கலக்கும். கையில ரத்தம் எடுத்துப் பார்ப்போம். ஒண்ணும் தெரியலேன்னா ஊசிதான்."

"வயித்துல வைக்கிறதைத் தலையில வைக்கிறீங்க. என்ன பொறக்கப் போகுது டாக்டர்?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தலையை மழித்து, கருவியைப் பொருத்தி, பிறகு ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் பெரியம்மா வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கதவு, கரண்டி, தலையணை என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பெயர் சொன்னார். ஏதாவது சிக்கினால் அங்கேயே நின்றுவிடுவார். நாங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. "ரத்தத்துலயே தெரிஞ்சிடுச்சும்மா. ஊசி வேண்டாம்." பெரியப்பா சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வகைக்கான மருந்தும் கதிர் சிகிச்சையும் தொடங்கின. கட்டி சுருங்கியதே தவிர முழுதாகப் போகவில்லை. அதற்குப் பிறகு சில வருடங்கள்தான் இருந்தார். மைக்குக்குத் திரும்பவில்லை. சில சொற்களுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் போனை எடுத்தால் என் காது சூடாகும் வரை பேசுவார்.

"வச்சிடட்டுமா பெரியம்மா?"

"இருடி, முக்கியமானதை இன்னும் சொல்லவே இல்ல."

அது பெரும்பாலும் பக்கத்து வீட்டுச் சண்டையாகத்தான் இருக்கும். நான் வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.