தினேஸ்வரி படுக்கவைத்துப் பார்த்த மோட்டார்

திமிர் இல்லை. எதிர்வீட்டுக் காளியம்மா எத்தனை தடவை சொன்னாலும் அது திமிர் இல்லை. லொங்கானில் விழுந்த மோட்டார் சைக்கிளைத் தூக்கிவிட அவள் வீட்டுக்காரர் ஓடி வந்தார். சாக்கடைத் தண்ணீரில் முழங்கால்வரை நின்றுகொண்டு என் மருமகள் தினேஸ்வரி, "வேணாம் அண்ணே, நானே எடுத்துக்கிறேன்" என்றாள். நடந்தது இவ்வளவுதான். அதற்குள் எங்கள் சிலிபின் வரிசை வீடுகள் முழுக்கப் பேச்சு. நாற்பத்து மூன்று வயதில் இவளுக்கு மோட்டார் எதற்கு? புருஷன் சிங்கப்பூரில் கிடக்கிறான். பின்னால் ஆள் ஏற முடியாத மோட்டாரை வாங்குகிறவள் குடும்பத்தை உதறப் பார்க்கிறாள் என்றுதானே அர்த்தம்? "அக்கா, ஒங்கள ஏத்திக்கிட்டுக் கோயிலுக்குப் போகக்கூட அதுல எடம் இல்லையே" என்று காளியம்மா என்னிடமே கேட்கிறாள். நான் கோயிலுக்கு நடந்து போகிறவள். என்னை இதில் இழுக்க வேண்டாம்.

தினேஸ்வரிக்குக் குளோவ் ஃபேக்டரியில் வேலை. ஒவ்வொரு குளோவாக எடுத்து, தண்ணீர் ஊற்றி, தொங்கவிட்டு, எங்காவது ஊசித் துளை வழியே சொட்டுகிறதா என்று பார்ப்பாள். பதினாறு வருடமாக அதுதான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. குடை வாங்கப் போனால் கடைக்குள்ளேயே விரித்துக் காற்றாடிக்குக் கீழே நிற்பாள். ஸ்டூல் வாங்கினால் ஏறி நின்று ஒரு குதி குதிப்பாள். ஒரு தடவை வாளி வாங்கப் போன இடத்தில் கடைக்காரரிடம் தண்ணீர் கேட்டாள். அவர் முகத்தைச் சுளித்தார். "ஒழுகாதுன்னு நீங்க சொல்றீங்க அண்ணே. வாளி சொல்லட்டும்லா" என்றாள். தண்ணீர் வந்தது. வாளி ஒழுகியது. அதிலிருந்து அந்தக் கடைக்காரர் இவள் வந்தால் எழுந்து நிற்கிறார்.

எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கிறவள், ஒரே ஒரு சோதனையில் இரண்டு தடவை விழுந்தாள். மோட்டார் லைசென்ஸ் எடுக்கும்போது குறுகலான ஒரு மேடைமேல் ஓட்டிக் காட்ட வேண்டும். தித்தி என்பார்கள். அதில் வேகமாகவும் போகக் கூடாது, இறங்கிவிடவும் கூடாது. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பின்னால் நின்ற அவள் அண்ணன்மார்கள் "முறுக்கு, முறுக்கு" என்று கத்தினார்களாம். இவள் ஆக்சிலேட்டரை முறுக்கினாள். விழுந்தாள். இரண்டாவது தடவையும் அதே கத்தல், அதே விழுதல். மூன்றாம் தடவைக்கு அவள் போகவே இல்லை. அப்பா, அண்ணன், பிறகு என் மகன் யுகேந்திரன் என்று யாராவது ஓட்ட, பின்னால் உட்கார்ந்தே இருபத்து நான்கு வருடம் போனது. பிள்ளைகள் படிக்க வெளியூர் போய்விட்டார்கள். அவளை ஃபேக்டரி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

போன வருடம் காம்பாரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, பழைய ஈயச் சுரங்கக் குட்டைப் பக்கம் ஒரு சீனப் பெண்மணியைப் பார்த்தோம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சீட்டு இல்லாத மோட்டார்மேல் நின்றபடியே பாறைகளில் ஏறிக்கொண்டிருந்தார். நடுவில் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை, அப்படியே அசையாமல் நிற்பார். பிறகு ஆமை மாதிரி ஒரு முழம் நகர்வார். தினேஸ்வரி காரை நிறுத்தச் சொன்னாள். பட்டுப்புடவையோடு வெயிலில் ஒரு மணி நேரம் நின்றாள். திரும்பி வந்து, "அத்தை, அந்த அக்கா ஒரு மணி நேரத்துல அம்பது அடிகூடப் போகலலா" என்றாள். ஏதோ புதையலைக் கண்டதுபோல் முகம்.

அதற்கு ட்ரையல்ஸ் என்று பெயராம். வேகத்துக்குப் பரிசு கிடையாது. கல், மரக்கட்டை, ஓடை எதுவானாலும் காலை ஊன்றாமல் கடக்க வேண்டும். கால் ஊன்றினால் புள்ளி ஏறும். குறைந்த புள்ளி வாங்கியவர்தான் ஜெயித்தவர். நின்றே ஓட்டுவதால் சீட்டு வைப்பதில்லை. காளியம்மா இதைக் கேட்டிருந்தால் பாதிப் பேச்சு குறைந்திருக்கும்.

அந்தப் பெண்மணி லிம் அக்கா. அவருடைய அப்பா ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார், அதனால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். காம்பாரில் சொந்தப் பட்டறை; பழைய ட்ரையல்ஸ் மோட்டார்களைச் சரிசெய்து விற்கிறார். தினேஸ்வரி வாங்குவது என்று முடிவு செய்தாள். அவளுடைய ஓவர்டைம் காசு. ஆனால் எது என்பதுதான் அவளைத் தின்றது. ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "இதுவும் என்னைத் தள்ளிவிட்டுச்சுன்னா அவ்ளோதான் அத்தை. அப்புறம் நான் எதையும் தொட மாட்டேன். பின் சீட்டுதான்."

யுகேந்திரன் அந்த வாரம் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தான். நல்லவன்தான், என் மகன். ஆனால் அவன் மோட்டார் பார்க்கிற விதம் மார்க்கெட்டுக்குப் போகிற கப்சாய் வண்டி பார்க்கிற விதம். சிசி கூடுதலா, ஸ்டிக்கர் புதுசா, சமையல் கேஸ் தோம்பு வைக்க இடம் இருக்கிறதா. போனில் தேடித் தேடி, பளபளவென்று ஒரு முந்நூறு சிசி அதே பட்டறையில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். "சீட்ட ஒரு வெல்டிங்ல வச்சிரலாம், முன்னால கூடை மாட்டிக்கலாம்" என்று பட்டறைக்குப் போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தான். நானும் காரில் இருந்தேன். தினேஸ்வரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பட்டறை முற்றத்தில் மூன்று மோட்டார் நின்றன. அவள் முதலில் யுகேந்திரன் சொன்ன முந்நூறுக்குப் போனாள். ஓட்டிப் பார்ப்பாள் என்று எல்லோரும் பார்த்தோம். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் மெல்லச் சரித்து, மண்ணில் படுக்கவைத்தாள். யுகேந்திரன் பதறி ஓடினான். "என்னம்மா பண்ற, பெயிண்ட் போயிடும்!"

"ஓட்டத் தெரியாத ஆளு நான். முதல்ல விழத்தான் போறேன். விழுந்தா நானே தூக்கணும்லா" என்றாள்.

லிம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இருபது வருஷமா விக்கிறேன் தங்கச்சி. எல்லாரும் நிக்கிற வண்டியத்தான் பாப்பாங்க."

முந்நூறைத் தூக்கினாள், மூச்சு வாங்கியது. உதைத்துக் கிளப்பி, கைப்பிடியைத் தொட்டாளோ இல்லையோ, முன் சக்கரம் வானத்துக்குப் போனது. இவள் கையை விட்டுவிட்டாள். மோட்டார் தனியாகப் போய் வாழைக் கூட்டத்தில் படுத்தது. அடுத்தது நூற்று இருபத்தைந்து. தூக்குவது லேசு, ஆனால் ஒரு சின்னக் கட்டைமேல் ஏறும்போது இருமிவிட்டு நின்றது. நன்றாக முறுக்கினால் ஏறும் என்றார் லிம் அக்கா. தினேஸ்வரி இறங்கிவிட்டாள். "முறுக்கத்தான் எனக்கு வராது அக்கா."

மூன்றாவது பழைய இருநூற்று ஐம்பது. ஸ்டிக்கர் உரிந்து, அடித்தகடு முழுக்கக் கீறல். அதை இடது பக்கம் படுக்கவைத்துத் தூக்கினாள், வலது பக்கம் படுக்கவைத்துத் தூக்கினாள், சரிவில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தும் தூக்கினாள். பின் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தாள். பிறகு அடியில் ஒரு பத்திரிகைத் தாளை விரித்துவிட்டு, எங்களோடு வந்து தேத்தண்ணி குடித்தாள். குடித்து முடித்துப் போய்க் குனிந்து பார்த்தாள். தாளில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அதற்கப்புறம்தான் அதில் ஏறினாள். அது அவளை மெதுவாகவே போகவிட்டது. முற்றத்தை ஒரு சுற்று வருவதற்குள் என் தேத்தண்ணி ஆறிப்போனது. யாரும் கத்தவில்லை.

யுகேந்திரனுக்கு மனமில்லை. பழைய இரும்பை வாங்கி வந்தோம் என்று தெருவில் சொல்வார்கள் என்றான். "நீங்களா ஓட்டப் போறீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவன் போய் லிம் அக்காவிடம் பேசி முடித்தான்.

பிறகு இரண்டு மாதம் வீட்டுக்குப் பின்னால் பழகினாள். இன்ஜினைக் கிளப்பாமல், மோட்டார்மேல் ஏறிச் சும்மா நிற்பது. மூன்று எண்ணுவதற்குள் கால் கீழே வந்துவிடும். ஏழு ஆனது, பதினொன்று ஆனது. "மோட்டாரு வாங்கி நின்னுக்கிட்டே இருக்காளே" என்று காளியம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பாள். ஒருநாள் முப்பது எண்ணிவிட்டாள், முப்பத்தொன்றில் மோட்டாரோடு லொங்கானுக்குள் போனாள். அன்றுதான் அந்த "வேணாம் அண்ணே." சகதியோடு மேலே கொண்டுவந்து நிறுத்தினாள். அவளைத் தொடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. தண்ணீர்க் குழாயை மட்டும் நீட்டினேன்.

போன ஞாயிறு ட்ரையல்ஸில் புதியவர்களுக்கான நாள். லிம் அக்கா வளர்ந்த அதே தோட்டம்; ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, ஓடையும் பாறையும் அப்படியே இருக்கின்றனவாம். விடிந்ததும் லிம் அக்கா தன் சின்ன லாரியோடு வந்து மோட்டாரை ஏற்றிக்கொண்டார். யுகேந்திரன் இதற்கென்றே லீவு போட்டு வந்து, குளித்து, சட்டை மாட்டித் தயாராக நின்றான். விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டாமா என்றான்.

தினேஸ்வரி ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்தாள். பிறகு, "நீங்க வந்தீங்கன்னா நான் ஒங்களையேதான் பாப்பேன். கல்லப் பாக்க மாட்டேன்லா" என்றாள்.

அவன் கார் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அவள் வாசலில் நின்று பூட்ஸ் போட்டாள். முழங்கால்வரை வருவது, பக்கத்தில் நான்கு கொக்கி. இடது கால் மாட்டிவிட்டது. வலது காலில் கொக்கி இறுகிப்போய் மாட்டவில்லை. யுகேந்திரன் அயர்ன் பண்ணிய பேண்ட்டோடு தரையில் மண்டியிட்டு, அவள் காலைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டான். தெருவில் காளியம்மா துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் கொக்கியை அவன் இழுத்தபோது தினேஸ்வரி தடுமாறி அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது கொக்கிக்குக் கையை எடுத்துவிட்டாள். மூன்றாவது, நான்காவது மாட்டி முடிகிறவரை, எதையும் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நின்றாள். பிறகு அந்தக் காலை வாசலுக்கு வெளியே எடுத்து வைத்துப் போனாள்.