பவளராணி மிஸ் கேட்ட படகு

படகு வாங்கப்படவில்லை. வாங்கியதாகக் கையெழுத்து வைத்தவர்கள் இன்றும் திருகோணமலையில் அதே பதவிக் கதிரைகளில் இருக்கிறார்கள். படகு எங்கே என்று கேட்ட பவளராணி மிஸ் போன செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார்.

எனக்குச் செய்தி சொன்னவர் ஹனீபா நானா. மிஸ் கணக்காய்வு செய்த உள்ளூராட்சிச் சபையின் அலுவலகத்தில் தேநீர் கொடுப்பவர். சபையின் பெயரை நான் எழுதவில்லை, சக உத்தியோகத்தர்களான உங்களுக்குத் தெரியும். நான் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது போனில் அழைத்தார். "தம்பி, மிஸ் மவுத்தாகிட்டா. நெஞ்சு வலியாம்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இஞ்ச சில பேரிட முகத்தில வெளிச்சம் வந்திருக்கு. அவங்களுக்கும் நான்தான் தேத்தண்ணி ஊத்த வேண்டிக் கிடக்கு."

மிஸ் அத்தியட்சகராக இருந்த கணக்காய்வுப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவன் நான். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவர் தண்ணீர்ப் போத்தலும் சாப்பிடப் பாணும் கொண்டுபோவார். தேநீர் வந்தால் மரியாதையாகத் திருப்பி அனுப்புவார். "கணக்குப் பாக்கிற இடத்தில கை நனைக்கக் கூடாது" என்பார். நம்மூரில் தேநீரை மறுப்பவரைத் திமிர் பிடித்தவர் என்பார்கள். அவரையும் அப்படித்தான் சொன்னார்கள்.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூருக்கு அப்பால், ஒரு மீனவக் கிராமம் இருக்கிறது. மாரியில் வீதியை வெள்ளம் மூடிவிடும். நோயாளிகளை நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர அந்தக் கிராமத்துக்கு ஒரு படகு கொடுத்ததாகச் சபை சொன்னது. "இருக்கு எண்டு எழுதினா, போய்த் தொட்டுப் பாக்க வேணும்" என்று மிஸ் புறப்பட்டார். நானும் கூடப் போனேன்.

கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களிடம், "ஆஸ்பத்திரிப் படகைப் பாக்க வந்தனான்" என்றார்.

ஒருவர் சிரித்தார். "அது நீர்மூழ்கி, மிஸ். துறைமுகத்துக்குள்ள சுழியோடித்தான் பாக்க வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். செல்வமணி என்ற பெண் மட்டும் சிரிக்கவில்லை. "என்ர மனுசனை மீன் பெட்டியளுக்கு நடுவில கிடத்தித்தான் கொண்டு போனனாங்கள். நடுக்குடாவில மூச்சு நிண்டுட்டுது," என்றார். மிஸ் அவருக்கு அருகில் மணலில் உட்கார்ந்தார். அன்று பின்னேரமே, சபையிடம் விளக்கம் கேட்கும் கணக்காய்வு ஐயவினாக் கடிதம் ஒன்றில் கையெழுத்திட்டார். வழக்கமாக இரண்டு பக்கம் வரும். அன்று இரண்டே சொற்கள்: படகு எங்கே?

பதில் வரவில்லை. சபையிலிருந்து மேலிடத்துக்கு முறைப்பாடுதான் போனது. உபசரிப்பை மறுத்து அலுவலகத்தை அவமதித்தார், மேலதிகாரியை மரியாதையின்றிப் பேசினார் என்று. தேநீர் குடிக்காதது குற்றமானது இந்த மாவட்டத்தில்தான். மிஸ் இடைநிறுத்தப்பட்டார்.

பிறகு தொடங்கியது சட்டச் சண்டை. கையெழுத்து வைத்தபோது அவர் பதவியில் இருந்தார்; கடிதம் கிடைத்ததாகச் சபை பதிந்துகொண்ட நாளில் இல்லை. ஆகவே ஐயவினா செல்லாது என்றது சபை. அதிகாரம் இல்லாதவரின் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை தங்களுக்கு இல்லை என்று, வெள்ளைக்காரன் காலத்து விதி ஒன்றைத் தூசு தட்டி எடுத்தார்கள். கேள்வியை என் பெயரில் புதிதாக அனுப்ப எங்கள் மேலதிகாரிகளிடம் அனுமதி கேட்டேன். விசாரணை முடியும்வரை அந்த விடயத்தை ஒருவரும் தொடக்கூடாது என்றார்கள். விசாரணை தொடங்கவே இல்லை.

மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். "கணக்குக் கேக்கிறவன்ர வாயை மூடத்தான் வெள்ளைக்காரன் அந்த விதியை வைச்சவன்," என்றார். "அவன்ர கப்பல் போயிட்டுது. விதி மட்டும் நங்கூரம் போட்டுக் கிடக்கு."

அடுத்த திங்கட்கிழமை அவர் சபை அலுவலகத்துக்குப் போய்ப் பொதுமக்கள் காத்திருக்கும் நீள மர வாங்கில் உட்கார்ந்தார். செயலாளர் வெளியே வந்தார்.

"மிஸ், உங்களுக்கு இஞ்ச ஒரு அதிகாரமும் இல்லை."

"ஓம் சேர், அதுதான் வாங்கில இருக்கிறன். ஹனீபா, ஒரு தேத்தண்ணி தாங்கோ. சீனி கூடப் போட்டு."

நானா திகைத்துவிட்டார். "மிஸ் இஞ்ச குடிக்கிறல்லையே?"

"ஆடிட்டருக்குத்தான் ஏலாது. இண்டைக்கு நான் வரி கட்டுற சனம்." ஒரு மிடறு குடித்துவிட்டுச் செயலாளரைப் பார்த்தார். "சேர், படகு எங்க?"

சாகும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் போனார். கேள்வி கேட்கக் கதிரை தேவையில்லை என்று காட்டினார். அதனால் சக உத்தியோகத்தர்களே, "பாவம், நேர்மையான மனுசி" என்று இப்போது என்னிடம் வந்து சொல்லாதீர்கள். அவர் பாவம் அல்ல. ஒரு சபையையே தன் அறைக் கதவுகளைச் சாத்திக்கொள்ள வைத்தவர். உங்கள் இரக்கத்தை அவர் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். வாங்கில் இடம் இருந்தது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தப் பிடிவாதத்தைத்தான். போய்ப் பார்ப்பேன், தொட்டுப் பார்ப்பேன், இல்லையென்றால் கேட்பேன். என்னையும் இடைநிறுத்தட்டும்.

செத்தவீட்டுக்குச் செயலாளர் மலர்வளையத்தோடு வந்தார். அதன் நாடாவில் எழுதியிருந்தது: "எமது பெருமதிப்புக்குரிய கணக்காய்வு அத்தியட்சகர்."

"சேர், பதவியைத் திருப்பிக் குடுத்திட்டீங்களே?" என்றேன்.

"ஒரு மரியாதைதான், தம்பி."

"அப்ப அவவின்ர கையெழுத்துச் செல்லும். ஐயவினாவுக்குப் பதில்?"

அவர் வாகனத்தை நோக்கி நடந்தார். வாசல் படலையடியில் செல்வமணி நின்றார், நிறைமாதக் கர்ப்பிணியான மகளின் கையைப் பிடித்தபடி. மாரி தொடங்கிவிட்டது. செயலாளர் ஏறிக் கதவைச் சாத்தினார். செல்வமணி கண்ணாடியில் தட்டினார்.

"சேர், பிள்ளைக்கு நாள் கிட்டிட்டுது. எதில ஏத்திக்கொண்டு வாறது எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ!"