மாவு மில்லுக்கு மேலே வராத விமானம்

கஸ்வானின் முகத்தைப் பார்த்தவர்களைவிட அவன் குரலைக் கேட்டவர்கள்தான் எங்கள் பள்ளத்தாக்கில் அதிகம். போருக்கு முன்னால், துருக்கி எல்லைக்குத் தெற்கே இருந்த எங்கள் கஃபர்லௌஸ் ஊரின் கடைத்தெருவில் டி.வி. ரிப்பேர் பார்த்தவன், மொட்டைமாடிகளில் ஏறி டிஷ் கட்டியவன். நான் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார், எல்லாருக்கும் 'உஸ்தாத்'. பள்ளிக்கூடத்தின்மேல் குண்டு விழுந்தபின் எனக்கு வேலை இல்லை. மின்சாரம் நின்றபின் அவனுக்கும் இல்லை. அப்படித்தான் நாங்கள் இருவரும் குன்றின்மேல், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய பம்ப் அறையில் வந்து உட்கார்ந்தோம்.

பழைய டிஷ்களை வெட்டி அவன் செய்த ஓர் ஆன்டெனா, ஒரு கார் பேட்டரி, மூன்று வாக்கி டாக்கி. அரசு விமானிகள் தளத்தோடு பேசுவதை ஒட்டுக்கேட்டு, எந்தப் பக்கம் வருகிறார்கள் என்று கணித்து ஊருக்குச் சொல்வோம். "வடக்கேருந்து ஒண்ணு கிளம்பியிருக்கு. ரொட்டி வரிசையில நிக்காதீங்க, கலைஞ்சு போங்க." வீட்டுக்கு வீடு ஒரு வாக்கி டாக்கி கரகரத்துக்கொண்டிருந்த காலம் அது. 'குன்று பேசுது' என்பார்கள், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டு ஓடுவார்கள்.

கஸ்வான் விமானத்தைத் தவிர வேறெதையும் பேச மாட்டான். ஆனால் காதில் விழுவதை என்ன செய்வது? எல்லாக் கூட்டத்தாரின் பேச்சும் அந்த அறைக்குள் வந்து விழுந்தது. பருந்துப் படை எங்கள் ஊர்ப் பையன்கள். அவர்கள் தலைவர் அபூ ஸக்ர் முன்பு கல் அறுக்கும் பட்டறை வைத்திருந்தவர். ஈமான் படை மலைக்கு அந்தப் பக்கத்தார், தோட்டாவுக்குப் பஞ்சமில்லாதவர்கள். கடைசியாக வந்தவர்கள் கறுப்புக்கொடிக்காரர்கள். அவர்களில் பாதிப்பேர் எந்த நாட்டிலிருந்து வந்தார்கள் என்றே எங்களுக்குத் தெரியாது. யார் யாரோடு சேர்ந்தார்கள், யார் யாரை விட்டுப் பிரிந்தார்கள் என்பது ஊருக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

கஸ்வானின் தம்பி தியாப் பருந்துப் படையில் இருந்தான். இருபத்திரண்டு வயது, சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தவன். தோட்டாவுக்காக அபூ ஸக்ர் ஈமான் படையோடு சேர்ந்தபோது தியாப்பின் கைப்பட்டை மாறியது. அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டு பிரிந்து வந்தபோது மறுபடியும் மாறியது. அவற்றைத் தைத்துக் கொடுத்தவள் கஸ்வானின் மனைவி ருதைனா.

"பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சு இந்தத் துணியே சல்லடையாப் போச்சு கொழுந்தனாரே. அடுத்த தடவை பொத்தான் வச்சுத் தர்றேன். மாட்டவும் கழட்டவும் வசதி" என்றாள் ஒருநாள்.

தியாப் சிரித்தான். "தோட்டா யார் தர்றாங்களோ அவங்க கொடி, அண்ணி. வெறுந்துப்பாக்கியைக் காட்டி விமானத்தை விரட்டச் சொல்றீங்களா?"

"கொடி நூறு மாத்தலாம். தலை ஒண்ணுதானே இருக்கு?"



அந்தக் குளிர்காலத்தில் வெளியே போகும் முன் எந்தச் சோதனைச்சாவடி இன்று யாருடையது என்று விசாரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கள் தெருக் காய்கறிக்காரர் ஒரு சாவடியில் நேற்றைய தலைவரின் பெயரைச் சொல்லி நலம் விசாரித்தார். பல் இரண்டு போயிற்று. அதன்பின் ஊரே தலையைக் குனிந்து சலாம் சொல்வதோடு நிறுத்திக்கொண்டது. பக்கத்து ஊரில் கறுப்புக்கொடிக்காரர்கள் கைகொடுக்க மறுத்தவர்களைப் பாழுங்கிணற்றில் போட்டார்கள். கைகொடுப்பது என்றால் எங்கள் பக்கத்தில் அவர்களுக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்வது.

ஜனவரியில் ஒருநாள் மதியம், ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. மேகம் தொட்டியின்மேலேயே உட்கார்ந்திருந்தது. இப்படிப்பட்ட நாட்களில் விமானம் பறக்காது என்பதால் எங்களுக்கு ஓய்வு. நான் டீ மாதிரிக் குடிக்கும் மாத்தே இலைக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாக்கி டாக்கியில் கறுப்புக்கொடிக்காரர்கள் இருவரின் குரல்கள் கேட்டன.

"அஸர் தொழுகைக்கு மாவு மில்லுல அபூ ஸக்ர் நமக்குக் கைகொடுக்கிறார். அவர் பையங்க எல்லாரும் அங்கதான்."

"கொடுக்காதவங்க?"

"உள்ளேயே நிறுத்தி ஆயுதத்தை வாங்கிக்கங்க. அப்புறம் வழக்கம்போல."

கெட்டிலை நான் எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. கஸ்வான் என்னைப் பார்த்தான். பிற்பகல் தொழுகையான அஸருக்கு முக்கால் மணி நேரம் இருந்தது.

"உஸ்தாத், தியாப் கைகொடுக்க மாட்டான். போன வாரம்தான் சொன்னான், இவனுங்களோட போறதுக்கு ஆடு மேய்க்கலாம்னு."

"இறங்கி ஓடிச் சொல்ல முடியாதா?"

"நடுவுல ரெண்டு சாவடி. ரெண்டும் இப்ப யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. தொலைபேசியும் இல்லை. இருந்தது அந்த வாக்கி டாக்கி மட்டும்தான். அதில் பேசினால் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும், அவர்களுக்கும் கேட்கும்.

"பேசாதே, அபூ லமா" என்றேன். அவனுடைய மூத்த மகள் பெயர் லமா; அபூ என்றால் அப்பா. "நாம இதைக் கேட்டோம்னு தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் உயிரோட விடமாட்டானுங்க. பிள்ளைகளை நினைச்சுப் பாரு."

அவன் வாக்கி டாக்கியை ஆணியிலிருந்து எடுத்தான். பிறகு பொத்தானை அழுத்தினான்.

"குன்று பேசுது. மாவு மில்லுக்கு நேர் மேல ஒண்ணு திரும்புது. மில்லுல இருக்கறவங்க உடனே வெளியேறுங்க. ஆலிவ் தோட்டத்துக்குள்ள ஓடுங்க. கூட்டமா ஓடாதீங்க, ஆளுக்கொரு பக்கம் ஓடுங்க."

குரலில் நடுக்கமே இல்லை. பேசி முடித்தபின் வாக்கி டாக்கியை ஆணியில் மாட்ட மூன்று முறை முயன்றுவிட்டு மடியில் வைத்துக்கொண்டான். அலைவரிசைகளில் ஒரே கூச்சல். "வெளியே போ! விடு, வெளியே போ!" என்று யாரோ கத்தினார்கள். கால்மணி நேரம் கழிந்தது. பிறகு ஒரு குரல் நிதானமாகக் கேட்டது:

"எங்கே விமானம்?"



இருட்டுவதற்கு முன்னால் ஒரு பிக்அப் குன்றேறி வந்தது. நாங்கள் ஓடியிருக்கலாம். ஓடினால் வீட்டுக்குத்தான் போவார்கள் என்பதால் உட்கார்ந்தே இருந்தோம். முதலில் உள்ளே வந்தவனை அபூ ஸாபித் என்று அழைத்தார்கள். வெளிநாட்டுக்காரன், மெதுவாகப் பேசுபவன். அவனுக்குப் பின்னால் கறுப்புத் தலைக்கட்டோடு தியாப் நின்றான்.

கஸ்வான் அவனைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. யாருக்காகப் பொய் சொன்னானோ அவன் ஏற்கெனவே கைகொடுத்துவிட்டிருந்தான்.

"சகோதரரே, இந்த மேகத்தில் விமானம் எங்கிருந்து வந்தது?" என்றான் அபூ ஸாபித், புத்தகத்தை வாசிப்பதுபோல.

"விமானி பேசினது கேட்டுச்சு. தப்பாக் கேட்டுட்டேன் போல."

"பதினொரு பேர் தோட்டத்துக்குள் போனார்கள், திரும்பவில்லை. உங்கள் தப்பு அவர்களுக்கு மிகவும் வசதியாக இருந்திருக்கிறது." என் பக்கம் திரும்பினான். "நீங்களும் கேட்டீர்களா?"

இதை எழுதுவதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேனோ என்று எனக்கே சந்தேகம். 'ஆமாம், நானும் விமானியைக் கேட்டேன்' என்று சொல்லியிருந்தால் இரண்டு சாட்சி ஆகியிருக்கும்.  நான் சொன்னது வேறு:

"நான் வெளியே பேட்டரிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தேன். எதுவும் கேக்கலை."

கஸ்வான் தரையைப் பார்த்தான். அப்போது தியாப் பேசினான்.

"ஷேக், எங்கண்ணனுக்கு இடது காது கேக்காது. சின்ன வயசுல காய்ச்சல் வந்து போனது. அரைகுறையாக் கேட்டுட்டு இந்த மாதிரி அடிக்கடி உளறுவான்."

கஸ்வானுக்கு இரண்டு காதும் ஆந்தைக் காது. அபூ ஸாபித் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "விசாரிப்போம்" என்றான். கஸ்வானைக் கூட்டிப் போனார்கள். என்னிடம், "நீங்கள் உட்காருங்கள். விமானம் மட்டும் பேசுங்கள்" என்றார்கள்.

மூன்றாம் நாள் வானம் வெளுத்தது. காலை ஒன்பது மணிக்கு ஒரு விமானம் கிளம்புவதைத் தெளிவாகக் கேட்டேன். உடனே சொன்னேன், மூன்று முறை சொன்னேன், கடைசி முறை கத்தினேன். ரொட்டிக் கடை வரிசை அசையவில்லை. "மறுபடியும் மில்லுக் கதையா? போய் வேற வேலையைப் பாரு" என்று வரிசையில் ஒருவர் சொன்னதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். ஒன்பது பேர் செத்தார்கள். அதில் இரண்டு பெண்பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள், அக்காவும் தங்கையும்.

கஸ்வானைப் பழைய தபால் ஆபீசின் நிலவறையில் பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். அடித்தார்கள்தான். ஆனால் அவன் என்னிடம் சொன்னது வேறு.

"தினமும் காலையில ஒருத்தன் காகிதத்தோட வருவான், உஸ்தாத். பேர் வந்தவங்க திரும்பி வர மாட்டாங்க. சரியாப் படிக்கத் தெரியாதவன். பேரோட முதல் எழுத்தைச் சொல்லிட்டு அப்படியே நிப்பான். என்கூட கஸ்ஸான்னு ஒரு ரொட்டிக்காரர் இருந்தார், 'க'வில ஆரம்பிக்கிற வேற சிலரும் இருந்தாங்க. அவன் 'க'ன்னு ஆரம்பிச்சு நிப்பான். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்க மாட்டோம். அது கஸ்ஸான்னு முடியணும்னு நான் வேண்டிக்குவேன். அவரும் அப்படித்தான் வேண்டியிருப்பாரு. பதினோராம் நாள் அவர் பேரா முடிஞ்சது. எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதியைத்தான் என்னால தாங்க முடியலை."

பிப்ரவரியில் ஈமான் படை இறங்கியது. தோட்டத்துக்குள் ஓடிய பதினொரு பேரும் அவர்களோடு வந்தார்கள். இரண்டு நாள் சண்டைக்குப்பின் கறுப்புக்கொடிக்காரர்கள் கிழக்கே போய்விட்டார்கள். தியாப்பும் போனான். போவதற்கு முன் கைதிகளைத் தீர்த்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம், அன்று செய்யவில்லை. தியாப் குறுக்கே நின்றானா, அவர்களுக்கு நேரமில்லையா என்று இன்றுவரை தெரியாது. பூட்டை ஊர்க்காரர்கள்தான் உடைத்தார்கள்.

வெளியே வந்தவனைக் கட்டித் தழுவ முதல் ஆளாக ஓடிவந்தவர் அபூ ஸக்ர். சட்டையில் ஈமான் படையின் புதுப் பட்டை.

"நம்ம வீரன்! அன்னிக்கு என் கழுத்துல கத்தி, அபூ லமா. கட்டாயத்துலதான் கைகொடுத்தேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும், அபூ ஸக்ர்" என்றான் கஸ்வான். அந்த அணைப்பில் அவன் உடம்பு விறைத்துப்போய் நின்றதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

ரொட்டிக் கடையைப் பற்றி நான்தான் சொன்னேன். மறுநாள் அவன் அந்த இரண்டு பெண்களின் தகப்பனார் வீட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன். அவர் பெயர் மத்ஊர், டிராக்டர் ஓட்டுபவர். உள்ளே கூப்பிடவில்லை.

"அன்னிக்கு மில்லு மேல விமானம் வரலைதானே?"

"வரலை, அண்ணே."

"அதனால யாராவது பிழைச்சாங்களா?"

"பதினொரு பேர்."

"அவங்க பேரைச் சொல்லு."

யார் யார் ஓடியது என்று நிலவறையில் கிடந்து வந்த கஸ்வானுக்கு ஒரு பெயர்கூடத் தெரியவில்லை.  மத்ஊர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஊர் அவனை மறுபடியும் குன்றுக்கு அனுப்பியது. அவனும் போனான். இன்னும் இரண்டு வருஷம் உட்கார்ந்தோம். ஆனால் தனியாகக் கேட்டு எதையும் சொல்ல மாட்டான், "நீங்களும் கேட்டீங்களா?" என்பான் என்னிடம். நான் தலையசைத்தபின்தான் பொத்தானை அழுத்துவான். அந்தக் கேள்வியை அவன் எதையும் மனதில் வைத்துக் கேட்டதாக நான் நினைக்கவில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் அபூ ஸாபித் கேட்டது நினைவுக்கு வந்தது.

பம்ப் அறையே குண்டில் போனபின் எல்லையைத் தாண்டித் துருக்கியில், ரெய்ஹான்லியில் குடியேறினோம். அவன் செல்போன் ரிப்பேர் செய்கிறான், மகள்கள் துருக்கியப் பள்ளியில் படிக்கிறார்கள். கடைவாசலில் பிக்அப் வந்து நின்றால் இன்னும் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிடுகிறான். ருதைனா ஒன்றும் சொல்லாமல் பொறுக்கித் தருவாள்.

தியாப்பிடமிருந்து ஒரே ஒரு முறை குரல்பதிவு வந்தது, கிழக்கே எங்கிருந்தோ. "பயந்துதான் கைகொடுத்தேன், அண்ணா. ஒவ்வொரு தடவையும் பயந்துதான். நீ என்னைத் தேடாதே." அதன்பின் அந்த எண் வேலை செய்யவில்லை.

போன வருஷம்தான் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிய பொய்யைப் பற்றி அவனிடம் வாய்விட்டுப் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்களும் கேட்டேன்னு சொல்லியிருந்தா நிலவறையில இன்னொரு ஆள், அவ்வளவுதான்" என்றான். கையிலிருந்த செல்போனை மேசையில் வைத்துவிட்டு, "ஆனா அன்னிக்கு நீங்க அப்படிச் சொன்னப்ப உங்களைக் கொன்னுடலாம்னு தோணுச்சு, உஸ்தாத்" என்றான். பிறகு டீ சொல்லி அனுப்பினான். குடித்துவிட்டு நான் வீட்டுக்கு நடந்தேன்.