கூட்டாமல் குறைக்காமல் ஒரு கடல்

மழை விட்ட மறுநாள் காலை, வாயில் பற்பசை நுரையோடு படக்காரம்மா மொட்டை மாடியில் நிற்கிறார். கடலும் வானமும் சேருகிற கோடு பளிச்சென்று தெரிந்தால் போதும். கொப்பளித்தது பாதி, கொப்பளிக்காதது பாதியாகப் படியிறங்கி, கேமராப் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்புகிறார். போட்ட காபி ஆறிக் கிடக்கும். "காபி நாளைக்கும் குடிக்கலாம். இந்த வெளிச்சம் நாளைக்கு வருமா?" என்பார்.

அவர் எடுப்பது அழகுப் படம் இல்லை. கடலுக்குள் காற்றாலை நட வருகிறவர்கள், நட்ட பிறகு கரையிலிருந்து அவை எப்படித் தெரியும் என்று ஊராருக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும். அந்தப் படத்தைச் செய்வதுதான் அவர் தொழில். மனிதக் கண் உயரத்தில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, வெறுங்கடலைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, இன்னும் வராத காற்றாலைகளைக் கணினியில் அதன் மேல் நட்டு வைப்பார். தூரத்தில் நிற்பவற்றின் அடிப்பகுதி கடலின் வளைவுக்குக் கீழே மறையும் என்பதால் அதையும் கணக்குப் போட்டு மறைப்பார். நீளத் தாளில் அச்சடித்துக் கொடுப்பவன் நான். அவர் அச்சகத்துக்குள் நுழைந்தால் என் ஆட்களுக்கெல்லாம் திடீரென்று வெளியே வேலை வந்துவிடும். நீலம் ஒரு பொட்டு கூடினாலும் முழுத் தாளையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவர் கைப்பையில் சீப்பு இருக்காது, ரசமட்டம் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் அதை எடுத்து மேசைமேல் வைத்துப் பார்க்காவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. "அண்ணே, உங்க மேசை தெருப்பக்கமா சாயுது. அதான் வியாபாரமெல்லாம் வெளியே ஓடுது" என்று என் கடையில் வாடிக்கையாளர் முன்னாலேயே சொன்னவர்.

ஒருமுறை காற்றாலை நிறுவனத்து அதிகாரி ஒருவர் என் கடையில் வைத்தே இழுத்தார். "மேடம், லேசா மூட்டமா இருக்கிற நாள்ல எடுத்தா கண்ணுக்கு இதமா இருக்குமே..."

"இதமா வேணும்னா காலண்டர் வாங்கி மாட்டுங்க சார். என்னைக்கு நல்லாத் தெரியுதோ அன்னைக்குத்தான் எடுப்பேன். ஒரு நூல் கூட்டவும் மாட்டேன், ஒரு நூல் குறைக்கவும் மாட்டேன்."

அதிகாரியின் முகம் சுண்டிப்போனது. எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. நம் ஊரில் இப்படி ஒருத்தர் இருக்கிறாரே என்று அன்று வீட்டில் போய்ச் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

எங்கள் கரைக்கு எதிரேயே திட்டம் வந்தபோதுதான் அவருக்குச் சோதனை. அவருடைய அக்கா கடலோரத்தில் விடுதி நடத்துகிறார். படக்காரம்மா குடியிருப்பதும் அதன் மாடியில்தான். அறைகளில் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கட்டில், மின்விசிறி, ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே இருக்கிற கடலை நம்பித்தான் பிழைப்பு.

"ஆளுங்க வர்றதே இந்தக் கடலுக்காகத்தான்டி. படத்துல கொஞ்சம் பெருசாப் போட்டுக் காட்டேன். ஊரே கொதிச்சுப் போய் வேண்டாம்னு சொல்லிரும். என் பொழப்பு உன் கையிலதான் இருக்கு" என்றார் அக்கா.

தங்கை வழக்கம்போலக் கணக்குப் போட்டுத்தான் காற்றாலைகளை நட்டார். படத்தில் ஒரு நூலும் கூடவில்லை.

ஊர்க் கூட்டத்தில் எதிர்த்தவர்களிடம் வேறொரு படம் இருந்தது. அதில் காற்றாலைகள் கரையிலேயே காலூன்றி நின்றன. ஜனங்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக் குழம்பினார்கள். "இது நம்ம படக்காரம்மா பண்ணதா? அப்ப இதுதான் சரியா இருக்கும்" என்றார் ஒரு படகுக்காரர். மற்றவர்களும் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். படக்காரம்மா என்னவோ என் சொந்தத் தங்கை மாதிரி எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாதாடி, கரைக்கு மிக அருகிலிருந்த முன்வரிசையைத் திட்டத்திலிருந்தே ஊர் நீக்க வைத்தது. மற்ற வரிசைகளுக்கு அனுமதி கிடைத்தது. அவை அக்காவின் ஜன்னலுக்கு நேர் எதிரே வந்தன.

அன்றோடு அக்கா பேச்சை நிறுத்தினார். ஒரே கட்டடம், ஒரே தண்ணீர்த் தொட்டி. பேச்சு மட்டும் என் தொலைபேசி வழியாக. "அவகிட்டச் சொல்லுங்க, தொட்டி நிரம்பி வழியுது, மோட்டாரை நிறுத்தணும்னு." நான் சொல்வேன். "சரின்னு சொல்லிருங்கண்ணே" என்று தங்கை சிரிப்பார். கீழே அறைகள் காலியாகக் கிடக்கும் நாட்களில் அந்தச் சிரிப்பு வராது.

காற்றாலைகள் சுழல ஆரம்பித்த பிறகு விடுதிக்கு வந்த ஒரு குடும்பம் சத்தம் போட்டது. இணையத்தில் பார்த்த பழைய படத்தில் வெறுங்கடல். ஜன்னலைத் திறந்தால் வரிசையாகக் காற்றாலை. "பொய்ப் படத்தைப் போட்டு ஏமாத்திட்டீங்களே" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அக்கா எனக்குப் போன் செய்தார். "புதுசாப் படம் எடுக்கணும். யாராவது இருந்தா அனுப்புங்க." அந்த 'யாராவது' யார் என்று எனக்குத் தெரியாதா?

படமெடுக்கிற விளக்கைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். படக்காரம்மா அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கதவோர மூலையில் முக்காலியை நிறுத்தினார். அங்கிருந்து கட்டில் தெரியும், ஜன்னல் தெரியும், கொஞ்சம் கடலும் தெரியும். காற்றாலைகளை மட்டும் திரைச்சீலை மறைத்துக்கொள்ளும். அவர் அப்படி ஓரிடம் பார்த்துக் கேமராவை வைத்து நான் கண்டதில்லை. அக்காவுக்காக இறங்கி வருகிறார் என்று புரிந்தது. நான் விளக்கை அந்த மூலைக்குத் தோதாகத் திருப்பி வைத்தேன்.

அக்கா வந்து கேமராவின் திரையைக் குனிந்து பார்த்தார்.

"காத்தாடி எல்லாம் எங்கடி?"

நேருக்கு நேராகக் கேட்டுவிட்டார். தங்கை திரைச்சீலைப் பக்கம் கையைக் காட்டினார்.

"இங்கேர்ந்து பார்த்தா தெரியாதுக்கா. இப்படியே இருக்கட்டும். நாலு பேர் வருவாங்க."

"வந்துட்டு? என் தங்கச்சி எடுத்த படம் பொய்னு எவனாவது சொல்லிட்டுப் போறதுக்கா?"

சொல்லிவிட்டு அக்கா முக்காலியை இரண்டு கையாலும் பிடித்து, தரை கிறீச்சிட இழுத்துக்கொண்டு போய், ஜன்னலுக்கு நேர் நடுவில் நிறுத்தினார்.